இருட்டிய பின் விரிந்தவை

நாகமலை அடிவாரத்துக்கு நாங்கள் குடிபெயர்ந்தபோது அம்மாவின் சாமான்களோடு ஒரு கண்ணாடிப் புட்டியும் வந்தது. உள்ளே, சாம்பலில் புரட்டிய புடலை விதைகள் பதினொன்று. அம்மா மறைந்து இரண்டாண்டுகள் கடந்திருந்தன. ஊன்றுவதா, அவர் கைபட்டவை என்று அப்படியே வைத்திருப்பதா என எங்கள் இருவருக்குள்ளும் ஆடி மாதம் முழுக்க வழக்கு நடந்தது. விதை எத்தனை காலம் பொறுக்கும்? கடைசியில் ஏழை ஊன்றினோம். நான்கைப் புட்டியிலேயே விட்டுவைத்தோம்.

இதற்கு முந்தைய ஆண்டு எங்களுக்கு வேறோர் ஆசை இருந்தது. இரவில் மலரும் கொடி வேண்டுமென்று, அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த நிலாப்பூவின் விதைகளை வரவழைத்தோம். அதன் தோல் கடினமானது, உரசி ஊறவைத்தே நட வேண்டும் என்பது அழுகிய பிறகுதான் தெரிந்தது. அந்தியில் மலரும் மல்லிகைக்கு 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் இருந்துகொண்டு கடல்கடந்த பூவைத் தேடியதற்கு இது தண்டனை என்று எண்ணிக்கொண்டோம்.

புடலையில் நான்கு முளைத்தன. புரட்டாசியில் பந்தலேறி மொட்டு விட்டன. ஆனால் காலையில் பார்த்தால் பூக்கள் வாடித் துவண்டு கிடக்கும். நோய் என்றே நினைத்து, வேப்பெண்ணெய்க் கரைசல்கூடத் தெளித்தோம். பிறகு ஒருநாள் முன்னிரவில் மின்சாரம் போயிற்று. புழுக்கம் தாளாமல் கொல்லைக்கு வந்தால், பந்தல் முழுக்க வெள்ளைப் பூக்கள். இதழோரம் நூல்நூலாகப் பிரிந்து, சடை பிரித்த தலைபோல விரிந்திருந்தன. மெல்லிய மணமும் இருந்தது. வேலியில் பீர்க்கு மஞ்சளாய் மலர்ந்திருந்தது. அதுவும் அந்திப் பூதான், சுரையும் அப்படியே. நெடுநல்வாடையில் நக்கீரர் கூதிர்காலத்துப் புதர்களில் முசுண்டையையும் பீர்க்கையும் சேர்த்தே பூக்க வைத்திருக்கிறார். பாடமாகப் படித்தோம், கொல்லையில் பார்க்கவில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அம்மா புடலை போட்டார். எட்டு மணிக்கெல்லாம் எங்களைப் படுக்க வைத்துவிட்டு விளக்கோடு கொல்லைப்புறம் போவார். பாத்திரம் கழுவத்தான் என்று நினைத்திருந்தோம். கேட்டதில்லை.

பூத்தும் காய் பிடிக்கவில்லை. அடியில் பிஞ்சோடு தனித்து வரும் பெண் பூக்கள் மஞ்சளித்து உதிர்ந்தன. இவற்றுக்கு இரவில் வரும் விட்டில்கள்தாம் மகரந்தம் சுமக்க வேண்டும். எங்கள் தெருவிளக்கின் வெள்ளை வெளிச்சம் அவற்றைத் திசைமாற்றியதோ என்று சந்தேகித்தோம். உறுதியாகச் சொல்ல இயலாது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர்தான் வழி சொன்னார்: “பொழுசாஞ்சு வாங்க தம்பி. ஆண் பூவைக் கிள்ளி, பொண்ணுப் பூவுல தொட்டு வச்சிருங்க.”

ஒருவர் டார்ச் பிடிக்க, ஒருவர் பூவைத் தொட, பத்து இரவுகள் அப்படி நின்றோம். மூன்று பிடித்தன. நுனியில் கல் கட்டித் தொங்கவிட்டோம். இரண்டைக் கூட்டு வைத்தோம். மூன்றாவதைப் பறிக்கவில்லை, மார்கழியில் அது செம்மஞ்சளாய்ப் பழுத்து வெடித்தது. சிவந்த சதைக்குள்ளிருந்து விதைகளைக் கழுவி உலர்த்தி, சாம்பலில் புரட்டி, அதே புட்டியில் போட்டோம்.

குலுக்கிய பிறகுதான் உறைத்தது. அம்மாவின் நான்கு எவை என்று இனிப் பிரித்தறிய முடியாது.