ஜங்ஷனில் கற்ற பாடம்



நேற்று ஈரோட்டு விசேஷத்துக்குப் போகக் கோவை ஜங்ஷனில் காத்திருந்தேன். மகள் கூப்பிட்டாள். பேத்தியின் கல்லூரி விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். சான்றிதழ்கள் என் லேப்டாப்பில். என்னிடம் இருப்பதோ பட்டன் போன். ரயில்வயர் வைஃபை 'கனெக்டட்' என்று காட்டியது, ஒரு பக்கமும் திறக்கவில்லை. அணைத்து அணைத்துப் போட்டேன். வேர்த்துவிட்டது.

பக்கத்து இருக்கைப் பையன் எட்டிப் பார்த்து, "ஏனுங்கய்யா, வி.பி.என். ஓடுதுங்களே?" என்றான். மகன் போட்டுக்கொடுத்தது. அதை நிறுத்தியதும் லாகின் பக்கம் தானாக வந்தது. செல் நம்பர் கொடுத்து, ஓடிபியைப் போட்டேன். முதல் அரை மணி நேரம் இலவசம். வி.பி.என். ஓடினால் அந்தப் பக்கம் வராமல் போகுமாம். உள்ளே போனபின் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். சான்றிதழ்கள் போய்ச் சேர்ந்தன.

பேர் கேட்பதற்குள் பையனின் வண்டி வந்துவிட்டது.