அத மொதல்ல எறக்கு

"ஏய் தம்பி! அத மொதல்ல எறக்கு!"

ட்ரோன் பறக்கவிடத் தொடங்கி ஒன்றரை வருஷமாகுது. இந்த ஒன்றரை வருஷத்தில் நான் அதிகமாகக் கேட்ட வசனம் இதுதான். முதல் தடவை கேட்டபோது கோபம் வந்தது. ரெண்டாவது தடவை பயம் வந்தது. மூன்றாவது தடவை யாருமே வாய் திறந்து சொல்லவில்லை. ஆனா அதுதான் இன்னும் காதுக்குள்ள கேக்குது.

எங்க ஊர் நோட்டன் பிரிட்ஜ். கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம், அதைச் சுற்றித் தேயிலை மலை, மலைக்கு நடுவே லயங்கள். இப்படி ஒரு ஊரில் பிறந்தவன் கையில் ட்ரோன் கிடைச்சா சும்மா இருப்பானா? ஹட்டனில் கலியாண வீடியோ எடுக்கிற ஒரு அண்ணன் புதுசு வாங்கியதால் தன் பழைய ட்ரோனைக் குறைஞ்ச விலைக்கு எனக்குத் தந்தார். எடை 249 கிராம். உள்ளங்கையில் அடங்கும். இது யாரை என்ன செய்யப்போகுதுன்னுதான் அப்போ நினைச்சேன்.

முதல் சனிக்கிழமை காலையே மேல் மலைக்குப் போனேன். அக்காமார் நிரை பிடிச்சு கொழுந்து எடுத்துக்கிட்டிருந்தாங்க. மேலிருந்து எடுத்தால் பச்சைத் துணியில் பூ வேலை மாதிரி இருக்கும் என்று ஒரு கற்பனை. ட்ரோன் முப்பது மீற்றர் எழும்பியிருக்கும். கீழே நிரை கலைஞ்சது. ரெண்டு பேர் ஓடினாங்க. ஒருத்தர் தலையை மூடிக்கொண்டு செடிக்கு அடியில் குந்தினார். கங்காணி கையை வீசிக்கொண்டு என்னை நோக்கி வந்தார். அப்போதுதான் அந்த வசனம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இறக்கவில்லை. அதை அந்தரத்தில் நிறுத்தி வைத்துவிட்டு, "இது பதிவு செஞ்ச ட்ரோன், சட்டப்படி..." என்று ஆரம்பித்தேன். யூடியூப்பில் படிச்ச பாடம் அது. யாராவது சண்டைக்கு வந்தால் சட்டத்தை எடுத்துச் சொல்லு, போனில் வீடியோ எடு, விட்டுக்கொடுக்காதே.

"சட்டம் கெடக்கட்டும்டா, அந்த மரத்துல என்ன தொங்குதுன்னு பாரு!" என்று ஒரு அக்கா கத்தினார்.

பார்த்தேன். தைல மரத்தின் உச்சிக் கிளையில், கறுப்பாக, முறம் அகலத்தில் குளவிக் கூடு. என் ட்ரோன் அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு மீற்றர் தூரத்தில் நின்று கொய்ங் என்று கத்திக்கொண்டிருந்தது.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இதை யாரும் சொல்லித் தந்திருக்கத் தேவையில்லை. குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன செய்தி எங்கள் பக்கத்தில் புதுசு இல்லை. செத்தவங்களும் இருக்காங்க. ஒரு பருந்து கூட்டில் மோதினாலே போதும். நான் நாலு இறக்கை சுத்துற பருந்தை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டு சட்டம் பேசிக்கிட்டு நின்றிருக்கிறேன்.

இறக்கினேன். கை நடுங்கியது. அந்த அக்கா கிட்ட வந்து ரெண்டு கேள்வி கேட்டார். "தொர அனுப்பினாரா? யாரு நிக்கிறா, யாரு ஒக்காந்திருக்கான்னு பாக்கவா?" அது முதல் கேள்வி. "இப்ப ஓடினதுல போன கொழுந்த யாரு நெறைப்பா? கிலோ கொறஞ்சா அரைப்பேரு போடுவாங்க, நீயா தருவ?" அது ரெண்டாவது. ரெண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. என் அம்மாவும் அதே மலையில் பேருக்கு ஓடியவங்கதான். பல்கலைக்கழகம் போய் ரெண்டு வருஷத்தில் நான் அதை மேலேயிருந்து பார்க்கிற ஆளாகிட்டேன்.

ரெண்டாவது தடவை அணைக்கட்டுப் பக்கம். மாலை வெயிலில் தண்ணீர் பொன்னாக இருந்தது. காவலாளி ஒருத்தர் வேகமாக வந்து, "மல்லி, ஏக்க பஹளட்ட கன்ன" என்றார். இந்த முறை பேச்சே இல்லை, உடனே இறக்கினேன். அடையாள அட்டையைக் கேட்டார், கொடுத்தேன். திரையைக் காட்டச் சொன்னார், காட்டினேன். அழிக்கச் சொன்னார், அவர் கண் முன்னாலேயே அழித்தேன்.

தப்பு முழுக்க என்னுடையது. இங்கே இருக்கிற விமலசுரேந்திர மின் நிலையம் 1965இலிருந்து ஓடுது, 50 மெகாவாட். அணைக்கட்டு, மின் நிலையம் மாதிரி இடங்களுக்குப் பக்கத்தில் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு சில நாட்களிலேயே சிவில் விமான சேவைகள் அதிகார சபை நாடு முழுக்க ட்ரோனுக்குத் தடை போட்டது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. விதிமுறைக் கோப்பு என் போனில் இருந்தது. கங்காணியிடம் சட்டம் பேசிய நான் அதை முழுசாகப் படிக்கவே இல்லை. காவலாளி என்னைத் திட்டவும் இல்லை. ஏதும் நடந்தால் முதலில் தன்னைத்தான் கேட்பாங்க என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவது, என் கூடப் படிக்கிற நண்பன். முல்லைத்தீவுக்காரன். விடுமுறைக்கு எங்க வீட்டுக்கு வந்திருந்தான். பெருமை காட்டுவதற்காக, அவன் இஸ்தோப்பில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது முற்றத்திலிருந்து ட்ரோனை எழுப்பினேன். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். கோப்பை மட்டும் திண்ணையில் இருந்தது. உள் காம்பராவில், சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"வண்டு" என்றான்.

எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் சொன்னான். வன்னியில் யுத்த காலத்தில் வேவு விமானத்துக்கு சனம் வைத்த பெயர் வண்டு. நாள் முழுக்க மேலே இரைந்துகொண்டே சுத்தும். "வண்டு சுத்தினா பின்னால கிபிர் வரும், இல்லாட்டி செல் வரும் எண்டு அம்மா சொல்லுவா. உடனே பங்கருக்குள்ள இறங்கோணும்." 2009இல் அவனுக்கு ஆறு வயசு. முகங்கள் பல மறந்துபோச்சாம், சத்தம் மறக்கல்லையாம். "நீ பறக்க விடு மச்சான், எனக்கு ஒண்டுமில்ல" என்று சிரிக்கவும் செய்தான். அன்று நான் பறக்கவிடவில்லை.

எதிர்த்துக் கத்துகிறவனைச் சமாளிக்கலாம். எழும்பி உள்ளே போகிறவனை எப்படிச் சமாளிப்பது? அவன் சொல்லாமல் விட்டதையும் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

இது எங்க ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. 2015இல் அமெரிக்காவின் கென்டக்கியில் ஒரு அப்பா, தன் பிள்ளைகள் முற்றத்தில் இருக்கும்போது மேலே வந்த ட்ரோனைத் துவக்கால் சுட்டு விழுத்தினார். நீதிபதி அவர் மேல் போட்ட வழக்கைத் தள்ளுபடி செய்தார். 2018 டிசம்பரில் லண்டனின் கட்விக் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ட்ரோன் கண்டதாகச் சொல்லி ஓடுபாதையை மூடியதில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். சந்தேகத்தில் பிடித்த தம்பதியைக் குற்றச்சாட்டு இல்லாமலே விட்டார்கள். ட்ரோன் வைத்திருப்பவர்கள் இந்தக் கதைகளைச் சொல்லும்போது "சனத்துக்கு விளங்காது" என்று முடிப்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்.

இப்போ எனக்கு வேற மாதிரித் தோணுது. கீழே நிற்கிறவங்களுக்கு என் மெஷினைப் பற்றித் தெரியாமல் இருக்கலாம். ஆனா தங்கள் தலைக்கு மேலே இருக்கிற வானத்தைப் பற்றி என்னைவிட நல்லாத் தெரியும். அக்காவுக்குக் குளவி தெரியும், காவலாளிக்கு விசாரணை தெரியும், நண்பனுக்கு வண்டு தெரியும். எனக்கு ரிமோட் மட்டும்தான் தெரியும்.

அதனால் இப்போதெல்லாம் முதல் வேலை இறக்குவது. யார் சரி, யார் பிழை என்பதெல்லாம் அது தரைக்கு வந்த பிறகு. தலைக்கு மேல ஒன்று இரைந்துகொண்டிருக்கும்போது யாராலும் நிதானமாகப் பேச முடியாது. பிறகு திரையைக் காட்டுவேன். அழிக்கச் சொன்னால் அழிப்பேன். என் போனைத் தூக்கி அவங்களைப் படம் எடுக்க மாட்டேன். முக்கியமா, பறக்கவிட முதலே போய்ச் சொல்லுவேன். பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடுது.

போன மாசம், அன்றைக்குக் கத்திய அதே அக்கா வீட்டுக்கு வந்தார். லயத்துக் கூரைத் தகரமெல்லாம் உக்கிப்போய், மழைக்குச் சட்டி வைத்து ஏந்துறாங்க. எழுதிக் கொடுத்தும் யாரும் ஏறிப் பார்க்கவில்லையாம். "மேலருந்து எடுத்துத் தா தம்பி, தலைவர்கிட்ட காட்டணும்" என்றார்.

சரி என்றேன். பன்னிரண்டு காம்பரா. எல்லா வீட்டிலும் கேட்டேன். பதினொரு வீட்டில் சரி. கடைசி வீட்டு மாமி மட்டும் வேணாம் என்றார். அவங்க குளிக்கிற இடத்துக்குச் சுத்தி மறைப்பு இருக்கு, மேலே ஒன்றும் இல்லை. வீட்டில் வயசுக்கு வந்த ரெண்டு பொம்பளைப் பிள்ளைகள். "கூர ஒழுகினா ஒழுகிட்டுப் போகுது" என்றார்.

அக்காவும் மாமியும் பேசிக்கிட்டாங்க. நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் மாமியே நேரம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி, எல்லாரும் குளிச்சு முடிஞ்ச பிறகு. எடுத்ததை முதலில் தனக்குக் காட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்தக் கூடும் இல்லை என்று அக்கா பார்த்துச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கே போய் முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். பத்தே கால் ஆச்சு. மாமி தலையைத் துவட்டிக்கொண்டே வெளியில் வந்து, மேலே ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார்.

"சரி, இப்ப விடு."