உடன் பதில் போடவும்

பக்கத்துக் காம்பரா அம்மாயிக்கு இந்தியாவிலிருந்து கடிதம் வந்தால், அன்று சாயந்திரம் எனக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் உறுதி. எங்கள் லயத்தில் தடுக்காமல் வாசிக்கிற பிள்ளை நான்தான்.

இலங்கையில் ஹட்டனுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். தப்பால்காரர் டவுனிலிருந்து கொண்டுவரும் பை நேரே ஆபீசுக்குப் போகும். மறுநாள் காலை வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில்தான் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டுக் கடிதம் கொடுப்பார். அம்மாயி அதை மடியில் முடிந்துகொண்டு மலைக்குப் போவார். பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து, கறை படிந்த விரல்களைச் சேலையில் துடைத்த பிறகுதான் என்னிடம் நீட்டுவார்.

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், இந்திய வம்சாவளியினரான எங்கள் மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. அம்மாயியின் மகள், புருஷன் வீட்டாரோடு இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தாள். அம்மாயி இங்கே நின்றுவிட்டார். தலைமன்னாரில் கப்பலேறிய மகளுக்குக் கோத்தகிரிப் பக்கம் வேலை கிடைத்தது. தாயகம் திரும்பியவர்களுக்கென்று தமிழ்நாடு அரசு நீலகிரியில் போட்ட தேயிலைத் தோட்டம். அங்கேயும் கொழுந்துதான், அங்கேயும் குளிர்தான்.

பதில் எழுத, காம்பராவின் முன் திண்ணையான இஸ்தோப்பில் உட்காருவோம். "நலம், நலமறிய அவா" என்று தொடங்குவேன். கால் வீங்கி அம்மாயி மூன்று நாள் வேலைக்குப் போகாததை எழுதப் போனால் கையைப் பிடித்துக்கொள்வார். "அதெல்லாம் வேணாம் ராசா. அம்மா நல்லா இருக்கேன்னு போடு." ஏரோகிராம் தாளின் அடியில் இரண்டு விரல்கடை வெற்றிடம் இருந்தால் மனம் ஆறாது. "காசு குடுத்து வாங்குனதுதானே, இன்னும் எழுது" என்பார். ஆட்டுக்குட்டி, அடைமழை, காமன் கூத்து எல்லாம் அந்த இடத்தில் போகும். கடைசி வரி மாறாது: "இக்கடிதம் கண்டதும் உடன் பதில் போடவும்." பிறகு பசை ஓரத்தை நாக்கில் நனைத்து நானே மடித்து ஒட்டுவேன்.

'ரிப்ளை' என்ற ஆங்கிலச் சொல், திருப்பி மடிப்பது என்ற பொருள்கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பதைப் பின்னாளில் அகராதியில் பார்த்தேன். அம்மாயிக்குச் சொல்லியிருந்தால், "மடிச்சா போதுமா, போய்ச் சேர வேணாமா?" என்று கேட்டிருப்பார்.

நியாயமான கேள்வி. இலங்கையில் போர் மூண்டு கப்பல் நின்றது, கடிதங்களும் குறைந்தன. ஆனால் ஆபீஸ் வழியாகத் தபால் வருகிற வழக்கம் பல தோட்டங்களில் இன்னும் மாறவில்லை. லயக்காம்பராவுக்கென்று தனி விலாசம் கிடையாது. நேர்முகத் தேர்வுக்கு அழைக்கும் கடிதம் நாள் கடந்து வந்ததால் வேலையை இழந்த பிள்ளைகள் மலையகத்தில் உண்டு. பதில் போடச் சொல்லிக் கேட்பவருக்கு முதலில் ஒரு விலாசம் வேண்டும். ஒவ்வொரு காம்பராவுக்கும் ஓர் இலக்கம், வாசலுக்கே வரும் தபால்காரர்: இந்த இரண்டையும் கொடுப்பது அரசால் முடியாத காரியம் அல்ல.