மாடியில் இருந்த கனடாக்காரர்கள்

கூடுதல் விலை சொன்னதை நான் இங்கே ஒப்புக்கொள்ளப் போவதில்லை. மட்டாஞ்சேரி ஜூ டவுனில் அது தொழில். எண்ணூறு ரூபாய்ப் பொருளுக்கு நான் இரண்டாயிரம் சொல்வேன், வந்தவர் ஐந்நூறில் ஆரம்பிப்பார், இருவரும் ஆயிரத்தில் கைகுலுக்குவோம். அந்த ஆட்டம் இரண்டு பக்கத்துக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது அதற்கும் கீழே இறங்கிச் செய்தது. என் பக்கத்துக் கடைக்காரர்களை, தினமும் எனக்கு டீ ஆற்றிக் கொடுத்தவரை, வெறிக்கூட்டம் என்று அமெரிக்கர்களிடம் சொல்லிக் காசு பார்த்தேன்.

எனக்குச் சொந்த ஊர் கம்பம். மாமாவின் ஏலக்காய் மூட்டைகளோடு குமுளி இறங்கிக் கொச்சிக்கு வந்தவன், மாமா திரும்பிப் போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டேன். மிளகுச் சந்தையின் வரவு செலவு மெல்லக் கம்ப்யூட்டருக்குள் போய், தெருவில் மூட்டைகளைவிட கேமராக்கள் அதிகமானபோது நானும் கடையை மாற்றினேன். கீழே மசாலாப் பொருட்களும் பழைய சாமான்களும். மாடியில் வெளிநாட்டவருக்கு வாடகைக்கு இரண்டு அறைகள். 1568இல் கட்டிய பரதேசி சினகாக்கைப் பார்க்க வருபவர்கள்தான் என் வாடிக்கை. இங்குள்ளவர்களுக்கு நான் அண்ணாச்சி. கம்பத்தில் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் கேரளத்தில் கடை வைத்த எந்தத் தமிழனும் அண்ணாச்சிதான்.

2006, கேரளம் அமெரிக்காவோடு சண்டை போட்ட ஆண்டு. மே மாதம் அச்சுதானந்தன் முதலமைச்சரானார். ஆகஸ்டில் கோக், பெப்சி இரண்டுக்கும் மாநிலம் முழுக்கத் தடை. அடுத்த மாதமே உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதற்கு முன்பே பாலக்காட்டுப் பிளாச்சிமடையில் கிணற்று நீரைப் பாழாக்கியதாகச் சொல்லி மக்கள் உட்கார்ந்த போராட்டத்தால் கோக் ஆலை 2004இல் நின்றுபோயிருந்தது. ஆக, டிசம்பர் 30ஆம் தேதி காலையில் சதாம் உசேனைத் தூக்கிலிட்ட செய்தி வந்தபோது கேரளம் சும்மா இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆளும் இடதுசாரி முன்னணியே ஹர்த்தால் என்றது.

தமிழ்நாட்டில் பந்த் பார்த்தவர்களுக்குக் கேரள ஹர்த்தாலின் ருசி சரியாகத் தெரியாது. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, ஷட்டர் இறங்கிவிடும். மற்றபடி அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. முன்கூட்டியே தெரிந்தால் கோழிக்கடையிலும் மதுக்கடையிலும் முந்தின நாள் வரிசை நிற்கும். பிள்ளைகள் நடுரோட்டில் கிரிக்கெட் ஆடுவார்கள். நாலு மணிக்கு ஓர் ஊர்வலம், ஒரு கொடும்பாவி, ஒரு பேச்சு. பிறகு எல்லோரும் வீட்டுக்கு. மட்டாஞ்சேரியில் ஊர்வலம் என்பது பரம்பரைப் பழக்கம். துறைமுகத்தில் டோக்கனை வீசியெறிந்து, பொறுக்கியவனுக்கு மட்டும் வேலை கொடுத்த சாப்பா முறையை எதிர்த்து 1953இல் எழுந்தவர்கள்மீது போலீஸ் சுட்டு உயிர்கள் போன இடம் இது. அதற்கு முன்னால் புஷ் கொடும்பாவியெல்லாம் சின்ன விஷயம்.

அன்று என் மாடியில் ஒஹாயோவிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி இருந்தார்கள். கார்னிவல் சீசன். 31ஆம் தேதி நள்ளிரவு ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையில் பாப்பாஞ்ஞி என்ற பொம்மையை எரிப்பதைப் பார்க்கவே வந்திருந்தார்கள். டி.வி.யில் கயிற்றைப் பார்த்துவிட்டு அந்தம்மா கீழே இறங்கி வந்து கேட்டார்: “எங்களுக்கு ஆபத்து ஏதாவது இருக்கிறதா?”

ஒன்றுமில்லை மேடம், டாக்சி மட்டும் கிடைக்காது, கடல் பக்கம் நடந்து போய் வாருங்கள். இவ்வளவுதான் உண்மை. இதைச் சொல்ல எனக்கு ஆங்கிலமும் இருந்தது. ஆனால் அவர் கை நடுங்குவதைப் பார்த்தேன். முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, “வெளியே போகாதீர்கள். ஜன்னலைத் திறக்காதீர்கள். யாராவது கேட்டால் கனடா என்று சொல்லுங்கள்” என்றேன். என் மேஜை டிராயரில் கனடாவின் இலைச்சின்னம் போட்ட ஸ்டிக்கர்கள் இருந்தன. ஈராக் போர் நடந்த 2003இல் எர்ணாகுளம் பிராட்வேயில் வாங்கி வைத்தவை. இரண்டை எடுத்து அவர்கள் பைகளில் ஒட்டிவிட்டேன். காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

பயந்தவன் பேரம் பேசமாட்டான் என்பதை அன்றுதான் கண்டுகொண்டேன். பகல் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே என்று ஒரு நெட்டூர்ப் பெட்டியை மேலே கொண்டுபோய்க் காட்டினேன். பித்தளைப் பூண் போட்ட நகைப்பெட்டி, நல்ல மரம்தான். நான் சொன்ன விலையை அந்த மனிதர் அப்படியே எண்ணிக் கொடுத்தார். எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

எங்கள் தெரு முனையில் டீக்கடை வைத்திருந்த இக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வாப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். இக்கா குவைத்தில் ஒரு மெஸ்ஸில் சமையல் பார்த்தார். 1990 ஆகஸ்டில் சதாமின் படை குவைத்துக்குள் நுழைந்தபோது சம்பாத்தியம் அத்தனையும் அங்கேயே போய், ஈராக் வழியாக பஸ்ஸில் அம்மான் சேர்ந்து, முகாமில் கிடந்து, ஏர் இந்தியா ஏற்றிவந்த லட்சத்துக்கும் அதிகமானவர்களில் ஒருவராக ஒற்றைப் பையோடு ஊர் திரும்பியவர். சதாமை வெறுக்க எங்கள் தெருவிலேயே அதிகக் காரணம் உள்ளவர் அவர்தான். அன்று ஊர்வலத்தின் முன்வரிசையில் போனவரும் அவர்தான். காரணம் கேட்டேன். “சதாம் எனக்குப் பண்ணினது எனக்கும் அவனுக்கும் உள்ள கணக்கு அண்ணாச்சி. அதைத் தீர்க்க புஷ்ஷுக்கு யார் ஏஜென்சி கொடுத்தது?” என்றார்.

ஹர்த்தாலில் ஹோட்டல் எதுவும் இருக்காது என்று அவரே பாதி இறக்கிய ஷட்டருக்குள் அடுப்பு மூட்டி, ஒரு பிளாஸ்க் டீயும் பழம்பொரியும் என் மாடிக்குக் கொடுத்தனுப்பினார். “வயசானவங்க, பட்டினி போட்டுறாதே.” நான் அதை என் வீட்டுச் சமையல் என்று சொல்லி மேலே கொடுத்தேன்.

ஊர்வலம் என் கடை வாசலில்தான் நின்றது. இடம் அகலம். வைக்கோல் புஷ்ஷுக்கு யாரோ ஒரு பழைய கால்சட்டையும் நீளமான டையும் மாட்டியிருந்தார்கள். தீக்குச்சியைக் கொளுத்திக் கொளுத்திப் பார்த்தும் பிடிக்கவில்லை, வைக்கோல் ஈரம். ஒரு பையன் ஓடிவந்து, “அண்ணாச்சி, கொஞ்சம் மண்ணெண்ணெய்” என்றான். கொடுத்தேன். ஆமாம், நானேதான் கொடுத்தேன். விளக்குத் திரிக்கு வைத்திருந்த பாட்டிலை அப்படியே நீட்டினேன். தீ குப்பென்று எழுந்தபோது மாடியேறிப் போய் மூச்சுவாங்க, “பின்பக்க அறைக்கு வாருங்கள், இவர்களை நம்ப முடியாது” என்றேன்.

அந்த மனிதர் வரவில்லை. ஜன்னல் இடுக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கீழே இக்கா அண்ணாந்து மாடியைப் பார்த்து, கையைத் தூக்கி, கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தார். டீ குடித்தாயிற்றா என்று கேட்கிறார். அமெரிக்கர் கண்ணுக்கு அது ஓங்கிய முஷ்டி. “அவர் நம்மைப் பார்த்துவிட்டார்” என்றார். ‘அவர்தான் உங்களுக்கு டீ கொடுத்தவர்’ என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் காலையிலிருந்து சொன்ன அத்தனையும் சரிந்துவிடும். தலையை மட்டும் ஆட்டினேன். கீழே கோஷம் முடிந்து, சாம்பலை யார் கூட்டுவது என்று தகராறு நடந்தது. வாசல் என்னுடையது, நான் கத்தியதும் இக்காவே விளக்குமாறு எடுத்துக் கூட்டினார். அதைப் பார்க்க அவர்கள் ஜன்னலில் இல்லை. பின்பக்க அறைக்குப் போயிருந்தார்கள்.

மொழி தெரியாத ஊரில் எல்லாக் கோஷமும் நம்மைப் பற்றியதாகத்தான் கேட்கும். அதே ஆட்கள் அதே குரலில் பஸ் கட்டணத்துக்கும் கத்துவார்கள். அதை எடுத்துச் சொல்லத்தான் பக்கத்தில் ஓர் உள்ளூர் ஆள் வேண்டும். அந்த இடத்தில் நான் இருந்தேன்.

மறுநாள் இன்னும் மோசம். ஹர்த்தால் முடிந்து கடைகள் திறந்தாயிற்று, ஆட்டோக்கள் ஓடுகின்றன. அவர்களை வெளியே விட்டால் நேற்றைய ‘வெறிக்கூட்டம்’ கார்னிவல் தொப்பி வைத்துக்கொண்டு வழிசொல்வதைப் பார்த்துவிடுவார்கள். அதனால் கடற்கரைக் கூட்டம் ஆபத்து என்றேன். பாப்பாஞ்ஞியும் வைக்கோல்தான், கோட்டு மாட்டிய கிழவன் பொம்மைதான். வெளிநாட்டவர் ஆயிரக்கணக்கில் கைதட்ட எரியும். இவர்கள் இருவரும் அதற்கென்றே கடல் தாண்டி வந்துவிட்டு, அன்று மாலையே நெடும்பாசேரி விமான நிலையத்துக்குக் கிளம்பினார்கள். நான் ஏற்பாடு செய்த ‘பாதுகாப்பான’ கார், சாதாரண வாடகையில் மூன்று மடங்கு. டிரைவரும் நானும் பங்கு போட்டுக்கொண்டோம்.

போகுமுன் அந்தம்மா விருந்தினர் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதினார். வெள்ளைத் தொப்பி வைத்த தாடிக்காரர் ஜன்னலைப் பார்த்து மிரட்டியது, வீட்டுக்காரர் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியது, அவர் சமைத்த டீயும் வாழைப்பழப் பலகாரமும். படித்துவிட்டு எனக்குக் கண் கலங்கியது. வெட்கத்தில் அல்ல, பெருமையில். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிறகு பல சீசன்களுக்கு அந்தப் பக்கத்தைத் திறந்துதான் புதிதாக வருபவர்கள் முன் வைத்தேன். படித்தவர்கள் அறையை வேண்டாம் என்று சொன்னதில்லை. அவர்கள் ஊர் திரும்பி, கேரளத்தில் அமெரிக்க எதிர்ப்பு எப்படி இருக்கிறது என்று யாரிடம் என்ன சொன்னார்களோ, அதில் என் கைச்சரக்கு இருந்திருக்கும்.

நியாயம் கற்பிக்க என்னிடம் உலகமே இருந்தது. 1979இல் டெஹ்ரானில் 52 அமெரிக்கர்கள் 444 நாள் பிணையாக இருக்கவில்லையா? அதே ஆண்டு இஸ்லாமாபாத்தில் அவர்கள் தூதரகம் எரியவில்லையா? 2012 செப்டம்பரில் சென்னை அண்ணா சாலையிலேயே, நபிகளை இழிவுபடுத்திய படத்துக்காக அமெரிக்கத் துணைத்தூதரகத்தின்மீது கல் விழுந்தது. விசா வேலையை நிறுத்தி வைத்தார்கள். பாருங்கள், நான் சொன்னது நடக்கக்கூடியதுதானே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நடக்கும், நடந்திருக்கிறது. அதனால்தான் என் பொய் விலைபோனது.

2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு தகராறு முற்றி, குமுளி சாலை அடைபட்டு, இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் மலையிறங்கி ஓடினார்கள். கம்பத்திலிருந்து மச்சான் போன் போட்டான்: “மாமா, அங்க தமிழனைத் தேடித்தேடி அடிக்கிறானுகளாமே? வாயைத் திறக்காதீக, மலையாளத்தானுகளை நம்பாதீக.” யார் சொன்னது என்று கேட்டால் லாரிக்காரர் ஒருவர் சொன்னாராம். நான் ஷட்டரைப் பாதி இறக்கி உள்ளே உட்கார்ந்தேன். நிஜமாகவே பயந்தேன்.

வண்டிப்பெரியாற்றிலிருந்து கொச்சிவரை கைகோத்து நின்றார்களே, அந்த மனிதச் சங்கிலியில் இக்காவும் போய் நின்றுவிட்டு வந்தார். புது அணை கட்டியே ஆகவேண்டும், இல்லையென்றால் நாங்கள் எல்லோரும் கடலுக்குத்தான் என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார். தண்ணீர் இல்லாவிட்டால் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு என்னாவது என்று நானும் கத்தினேன். கத்தி முடித்ததும், “ஷட்டரைத் தூக்கு. யாருக்குப் பயந்து உட்கார்ந்திருக்கே? எனக்கா?” என்றார். டீக்கு அன்றும் காசு வாங்கிக்கொண்டார்.

அவர் மகள் பி.காம். முடித்துவிட்டுச் சில மாதம் என் கடைக் கணக்கைப் பார்த்தாள். ஒருநாள் மத்தியானம் விருந்தினர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவள், அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடியே நிமிர்ந்து, “அங்கிள், இது வாப்பாவா?” என்றாள். வேறு யாரோ என்றேன். “பழம்பொரி வாப்பா கொடுத்தது. நான்தானே பிளாஸ்க்கைத் தூக்கிட்டு வந்தேன்” என்றாள். அப்போது அவள் சின்னப் பிள்ளை; எனக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. மாதக் கடைசிவரை கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டு வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வாப்பாவிடம் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். எனக்கு இன்னும் டீ வருகிறது.

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். ஒஹாயோ முகவரி அதில்தான் இருந்தது, அதுவும் போயிற்று. இக்காவிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று கடை வரை போய் டீ மட்டும் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அவருக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும், சிவாஜி படமெல்லாம் வசனத்தோடு சொல்வார். எழுத்துதான் தெரியாது. இதை நான் மலையாளத்தில் எழுதாமல் தமிழில் எழுதியதற்கு அது ஒன்றுதான் காரணம்.