கம்ப்ரஸர் எடுக்கல

சென்னை அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் நுழைகிறவர்களில் பலர் கையில் செத்துப்போன ஏதோ ஒரு பொருள் இருக்கும். எரிந்த சார்ஜர், ஓடாத ஹார்டு டிஸ்க், படம் வராத டிவி போர்டு. கத்திரி வெயில் காலத்தில் இன்னொன்றும் அந்த வரிசையில் சேர்ந்துகொள்கிறது: உள்ளங்கையில் அடங்கும் உருளையான அலுமினிய டப்பா. தலைப்பக்கம் லேசாக உப்பியிருக்கும்.

அப்படியொரு டப்பாவைக் கடை மேசைமீது வைத்துவிட்டு நின்றார் அந்த மெக்கானிக். ஐம்பது வயதை நெருங்குகிறவர். கழுத்தில் ஈரத் துண்டு, தோளில் கருவிப் பை. கடைக்காரர் டப்பாவைத் தொடவில்லை.

"எவ்ளோ எம்.எஃப்.டி.ணா?"

"அம்பது. நானூத்தி நாப்பது வோல்ட்டு."

"நாப்பத்தஞ்சு இருக்கு. அதைப் போட்டா ஓடாதா?"

"ஓடும்பா. ஓடுறது வேற, நல்லா ஓடுறது வேற. அம்பது குடு. இல்லன்னா இருவத்தஞ்சு ரெண்டு குடு, பேரலல்ல போட்டுக்கறேன்."

பேரலலில் இணைத்தால் மதிப்புகள் கூடும்; இருபத்தைந்தும் இருபத்தைந்தும் ஐம்பது. இந்தக் கணக்குத் தெரிந்தவர் தெருவை விட்டு வெறுங்கையோடு போக வேண்டியதில்லை. கடைசியில் உள்ளறையிலிருந்து ஐம்பதே வந்தது. காசு கொடுப்பதற்கு முன் தன் மீட்டரை எடுத்து இரு முனைகளிலும் வைத்துப் பார்த்தார். 49.6. தலையசைத்தார்.

வாங்கியது ஏசியின் ரன்னிங் கெபாசிட்டர். விலை சில நூறு ரூபாய். இதைத் தேடிக் கண்டுபிடிப்பது கடையில் தொடங்குவதில்லை. அது அன்று காலை, மேற்குப் பார்த்த ஒரு அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில், அவர் காதைச் சுவரோடு வைத்து நின்றபோதே தொடங்கிவிட்டது. அன்று நானும் அவரோடு இருந்தேன்.

அந்த வீட்டில் ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசி. காற்று வருகிறது, குளிர் இல்லை. வீட்டம்மா சொன்னார்: "போன வாரம் ஒருத்தர் வந்து பார்த்தாரு தம்பி. கேஸ் போயிடுச்சு, ஃபுல்லா ஏத்தணும்னாரு." மெக்கானிக் அதற்கு மறுமொழி ஏதும் சொல்லவில்லை. ரிமோட்டில் வெப்பநிலையைக் குறைத்துவிட்டு பால்கனிப் பக்கம் போனார். வெளியே சுவரில் மாட்டியிருந்த அவுட்டோர் யூனிட்டில் ஃபேன் சுற்றியது. அதற்கடியில் கனத்த உறுமல் ஒன்று எழுந்தது. சில விநாடிகள். பிறகு 'டக்' என்ற சத்தம்; உறுமல் நின்றது, ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. சற்று நேரம் கழித்து மறுபடி உறுமல், மறுபடி 'டக்'.

"கேஸ் இல்லம்மா. கம்ப்ரஸர் எடுக்கல" என்றார்.

கேஸ் குறைந்தால் கம்ப்ரஸர் ஓடும், குளிர்தான் வராது. கம்ப்ரஸரே கிளம்பாமல் முக்கிமுக்கி நின்றால் கோளாறு மின்பக்கத்தில் இருக்கிறது. சுற்ற முடியாமல் திணறும் மோட்டார் வழக்கமான மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும். சூடேறும். அதோடு இணைந்த ஓவர்லோடு பாதுகாப்பு துண்டித்துவிடும். அந்தத் துண்டிப்புதான் 'டக்'. ஆறியதும் அதுவே மீண்டும் இணைத்துவிடும், மீண்டும் திணறல். இதைப் பல நாள் இப்படியே விட்டால் கம்ப்ரஸரின் காயில் எரிந்துபோகும். சில நூறில் முடிய வேண்டியது பல ஆயிரத்தில் போய் நிற்கும். ஆகவே அந்த உறுமலைக் கேட்டதும் ஏசியை அணைத்துவிட வேண்டும். அடுத்த வீட்டுக்காரர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள் என்று அவர் அந்த அம்மாவிடம் இரண்டு முறை சொன்னார்.

கம்ப்ரஸர் ஏன் தானாகக் கிளம்பாது? வீட்டு ஏசிக்கு வருவது சிங்கிள் பேஸ் மின்சாரம். அது மோட்டாருக்குள் உண்டாக்கும் காந்தப்புலம் ஒரே கோட்டில் முன்னும் பின்னும் துடிக்குமே தவிர, சுழலாது. திருகைக் கல்லின் பிடியை நேர்க்கோட்டில் இழுத்து இழுத்துத் தள்ளினால் கல் சுற்றாது. பக்கவாட்டில் ஒரு கை வேண்டும். மோட்டாரில் அந்தப் பக்கவாட்டுக் கை இரண்டாவது காயில். முதல் காயிலில் ஓடும் மின்னோட்டத்துக்கும் இரண்டாவதில் ஓடுவதற்கும் நேர வித்தியாசம் இருந்தால்தான் புலம் சுழலும். அந்த வித்தியாசத்தை உண்டாக்குவதற்காகவே இரண்டாம் காயிலோடு தொடராகக் கெபாசிட்டரைக் கோக்கிறார்கள். மோட்டார் கிளம்பிய பின்னும் அது இணைப்பிலேயே இருக்கும். 'ரன்னிங்' என்று பெயர் வந்தது அதனால்தான்.

ஒன்றரை டன் ஏசிகளில் 35 முதல் 50 மைக்ரோஃபாரட் (கடைப் பேச்சில் எம்.எஃப்.டி.) வரை பல மதிப்புகள் உண்டு. கம்ப்ரஸரின் மாடலைப் பொறுத்து மாறும். வெளி ஃபேனுக்கு இரண்டிலிருந்து ஆறு வரை இருந்தால் போதும். சில யூனிட்டுகளில் இரண்டையும் ஒரே டப்பாவில் அடைத்து, மேலே சி, ஃபேன், ஹெர்ம் என்று மூன்று முனை வைத்திருப்பார்கள். எந்த ஒயர் எதில் இருந்தது என்று பார்க்காமல் பிடுங்கியவர்கள் பிறகு படும் பாடு கொஞ்சமல்ல. இவர் ஒயரைக் கழற்றுமுன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

படம் எடுத்த இடம் சன்ஷேடு. அதன் அகலம் ஒரு மனிதன் பக்கவாட்டில் நிற்கும் அளவுதான். அவர் பால்கனிக் கம்பியைத் தாண்டி அதில் இறங்கியபோது வீட்டம்மா "பாத்து தம்பி, பாத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இடுப்பில் கயிறு இல்லை. கீழே சிமென்ட் தரை. இந்த நகரத்தில் நூற்றுக்கணக்கான அடுக்ககங்களில் அவுட்டோர் யூனிட்டை மாட்டியிருக்கும் விதத்தைப் பார்த்தால், அதைப் பழுதுபார்க்க ஒரு மனிதன் வருவான் என்ற நினைப்பே கட்டியவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. கைப்பிடி வைத்த சிறு மேடையோ, பாதுகாப்புக் கயிற்றை மாட்ட ஒரு வலுவான இரும்பு வளையமோ வைக்கக் கட்டடச் செலவில் ஆகும் தொகை மிகச் சிறியது. வீடு வாங்குகிறவர்கள் டைல்ஸைத் தட்டிப் பார்ப்பதுபோல் இதையும் கேட்க வேண்டும். கேட்டால்தான் வைப்பார்கள்.

மெயின் எம்.சி.பி.யை இறக்கியாயிற்று. அதனால் எல்லாம் பத்திரம் என்று ஆகிவிடாது. 230 வோல்ட் என்று நாம் சொல்லும் மின்சாரத்தின் உச்சம் 325 வோல்ட். அணைக்கும் கணத்தைப் பொறுத்து, அந்த அளவுக்கோ அதற்கு மேலேயோ மின்னேற்றம் கெபாசிட்டருக்குள் தங்கிவிடக்கூடும். பலர் ஸ்க்ரூ டிரைவரை இரு முனைகளுக்கும் குறுக்கே வைத்துத் தீப்பொறி பறக்க அதை இறக்குவார்கள். இவரிடம் ஹோல்டரோடு கூடிய பழைய குண்டு பல்பு ஒன்று இருந்தது. அதன் இரண்டு ஒயர்களை முனைகளில் தொட்டார். சன்ஷேடில் நிற்கும்போது லேசாக ஷாக் அடித்தாலும் போதும், கை உதறும், கால் நழுவும் என்றார். அவர் கூட வேலை பார்த்த ஒருவருக்கு அப்படி ஆகியிருக்கிறது. அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

மீட்டரில் 31 காட்டியது. 50 என்று எழுதிய டப்பாவில் ஐந்து சதவீதம் முன்பின் இருக்கலாம், அதாவது 47.5-க்குக் கீழே இறங்கக் கூடாது. மேல்மூடி லேசாக உப்பியிருந்தது. இந்த உப்பல் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. உள்ளே மெல்லிய பாலிப்ரொப்பிலீன் படலம். அதன்மேல் ஆவியாகப் படிய வைத்த துத்தநாக, அலுமினியப் பூச்சு. அதைச் சுருட்டிச் சுருட்டி உருளையாக்கியிருப்பார்கள். படலத்தில் எங்காவது ஒரு புள்ளியில் மின்காப்பு உடைந்தால், சுற்றியுள்ள பூச்சு அந்தக் கணமே ஆவியாகி, பழுதான புள்ளி தனித்துப் போய்விடும். கெபாசிட்டர் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு முறையும் பூச்சில் கடுகளவு போய்விடுகிறது. மைக்ரோஃபாரட் மெல்ல இறங்குவது இப்படித்தான். காயங்கள் மிகுந்து உள்ளே வாயு சேர்ந்தால் மூடி மேலெழும்பி, உள்ளிருக்கும் இணைப்பை அறுத்துவிடும். வெடிப்பதற்கு முன் தன்னைத் துண்டித்துக்கொள்ளும் வடிவமைப்பு.

வெப்பம் இந்தத் தேய்மானத்தை விரட்டுகிறது. பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்துறையில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நுங்கம்பாக்கத்தில் 2003 மே மாதத்தில் 45 டிகிரி பதிவானது. அது நிழலில் அளந்தது. மேற்குச் சுவரில் வெயில் நேரே அடிக்கும் இரும்புப் பெட்டிக்குள், கம்ப்ரஸரின் சூடும் சேர்ந்துகொள்ளும்போது, அந்த டப்பா என்ன பாடுபடும் என்று பார்க்க வேண்டும்.

டப்பாவில் அச்சடித்திருப்பதைப் படிக்க அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். பெரும்பாலோர் மைக்ரோஃபாரடையும் வோல்டேஜையும் பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். வோல்டேஜ் கூடலாம், குறையக் கூடாது: 370 இருந்த இடத்தில் 440 போடலாம், 440 இருந்த இடத்தில் 370 கூடாது. வீட்டுக்கு வருவதே 230தானே, எதற்கு 440 என்று கேட்டேன். மோட்டார் ஓடும்போது இரண்டாம் காயிலில் உண்டாகும் எதிர் மின்னழுத்தத்தால் கெபாசிட்டரின் முனைகளில் வீட்டு வோல்டேஜைவிட அதிகமே நிற்கும், மீட்டர் வைத்தால் நீங்களே பார்க்கலாம் என்றார்.

25/70/21 போல ஒரு வரி இருக்கும். மைனஸ் 25 டிகிரி முதல் 70 டிகிரி வரை தாங்கும், 21 நாள் ஈரவெப்பச் சோதனையில் தேறியது என்று பொருள். அதே வரி 25/85/21 என்றிருந்தால் சென்னைக்கு இன்னும் நல்லது. பிறகு ஒற்றை எழுத்து: ஏ, பி, சி அல்லது டி. அது ஆயுள் வகுப்பு. ஏ என்றால் 30,000 மணி நேரம், பி 10,000, சி 3,000, டி வெறும் 1,000. அத்தனை மணி நேரத்துக்குள் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் பழுதாகக் கூடாது என்பது சர்வதேசத் தரத்தின் கணக்கு. கம்ப்ரஸர் நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 2,920 மணி. சி வகுப்பின் 3,000 மணி ஓராண்டு சொச்சத்தில் தீர்ந்துவிடுகிறது. பி வகுப்பு மூன்று ஆண்டைத் தாண்டும். இரண்டும் கடையில் பக்கத்துப் பக்கத்து அலமாரியில் இருக்கின்றன. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. நம் நாட்டில் மோட்டார் கெபாசிட்டர்களுக்கு ஐ.எஸ். 2993 என்ற தரம் உண்டு. அந்த எண்ணும் டப்பாவில் இருக்கிறதா என்று அவர் பார்க்கிறார்.

கடையில் மீட்டர் வைத்துப் பார்ப்பது மைக்ரோஃபாரடை மட்டுமே காட்டும். எத்தனை வோல்ட் தாங்கும், எத்தனை கோடை தாங்கும் என்று அந்த மீட்டர் சொல்லாது. ஸ்டிக்கர் மாற்றி ஒட்டிய சரக்கும் அன்றைக்குச் சரியான எண்ணையே காட்டக்கூடும். அதனால்தான் அவர் பத்து ரூபாய் குறைவு என்று கடை மாறுவதில்லை. திரும்பப் பெற்றுக்கொள்ளும் கடைக்காரரையே நம்பிப் போகிறார். அந்தத் தெருவின் வியாபாரம் இந்த நம்பிக்கையின் மேல்தான் நடக்கிறது.

மதியம் திரும்பிவந்து புதியதைப் பொருத்தினார். கிளிப்புகள் தளர்ந்திருந்தன, கட்டிங் பிளேயரால் இறுக்கினார். தளர்ந்த கிளிப் சூடேறி, புதுக் கெபாசிட்டரையும் கெடுத்துவிடும். சுவிட்சைப் போட்டதும் உறுமல் எழவில்லை. கம்ப்ரஸர் ஒரே எத்தில் கிளம்பியது. கிளாம்ப் மீட்டரை இரண்டாம் காயிலின் ஒயரில் மாட்டினார்: 5.2 ஆம்ப்ஸ். கெபாசிட்டரின் முனைகளில் 330 வோல்ட். 3183-ஐ ஆம்ப்ஸால் பெருக்கி வோல்டால் வகுத்தால் ஓடும் நிலையிலேயே மைக்ரோஃபாரட் தெரியும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அந்த எண். செல்போனில் தட்டினார், ஐம்பதைத் தொட்டது. மின்சாரம் ஓடும்போது செய்கிற இந்த அளவை பழக்கப்பட்ட கைக்கு மட்டுமே உரியது. வீட்டில் யாரும் முயலக் கூடாது.

பணம் கொடுக்கும்போது அந்த வீட்டு ஐயா கேட்டார்: "ஒரு டப்பா மாத்துறதுக்கு இவ்ளோவா?"

இந்தக் கேள்விதான் இந்தத் தொழிலைக் கெடுக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பொருளுக்குத் தரும் காசை நாம் கணக்கென்று ஏற்கிறோம், கோளாறைச் சரியாகக் கண்டறிந்ததற்குத் தரும் காசைக் கொள்ளை என்கிறோம். 'கேஸ் போயிடுச்சு' என்று சொன்னால் ஆயிரக்கணக்கில் கேள்வியில்லாமல் கிடைக்கும். சிலிண்டர் தெரிகிறது, எடை தெரிகிறது. 'கெபாசிட்டர் வீக்' என்று உண்மையைச் சொன்னவரிடம் பேரம் பேசுகிறோம். நேர்மையாகச் சொல்கிறவருக்கு நஷ்டம் என்றால், எத்தனை பேர் எத்தனை கோடைக்கு அப்படியே இருப்பார்கள்? பார்த்துச் சொல்வதற்கு ஒரு தொகை, பொருளுக்கு ஒரு தொகை என்று பில்லிலேயே பிரித்து எழுதி, முதலாவதை மனமுவந்து கொடுக்கப் பழக வேண்டும்.

இந்தக் கெபாசிட்டரின் காலமும் முடிந்துகொண்டு வருகிறது. இன்வர்ட்டர் ஏசியின் கம்ப்ரஸருக்கு ரன்னிங் கெபாசிட்டர் கிடையாது. உள்ளே வரும் மின்சாரத்தை டி.சி.யாக்கி, அதிலிருந்து வேகம் மாறும் மூன்று பேஸை ஒரு போர்டு உண்டாக்கித் தருகிறது. அந்தப் போர்டில் வேறு வகைக் கெபாசிட்டர்கள் இருக்கின்றன, அவையும் உப்புகின்றன. ஆனால் அவற்றைக் காதால் கண்டுபிடிக்க முடியாது. கேஸும் மாறிவிட்டது. பழைய ஏசிகளில் இருந்த ஆர்-22 தீப்பிடிக்காது. இப்போதைய ஆர்-32 ஓரளவு பிடிக்கும், ஆர்-290 என்பது புரொப்பேனே. பழைய ஞாபகத்தில் பைப்பைப் பற்றவைக்கப் போனால் ஆபத்து.

2019-இல் வெளியான இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம், 2022–23க்குள் ஒரு லட்சம் பழுதுபார்ப்போருக்குப் பயிற்சியும் சான்றும் தர வேண்டும் என்று இலக்கு வைத்தது. ஐ.டி.ஐ.களில் இதற்கென இரண்டாண்டுப் படிப்பு உண்டு. இவர் அந்தப் பக்கம் போனதில்லை. பதினாறு வயதில் ஒரு கடையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கச் சேர்ந்தவர், மற்றதெல்லாம் சன்ஷேடுகளில் நின்று கற்றது. இன்வர்ட்டர் போர்டு படிக்க அவருக்கு ஆசைதான். ஆனால் மார்ச் முதல் ஜூன் வரை ஒரு நாள் வேலையை விட்டாலும் ஆண்டு வரவில் பெரிய ஓட்டை விழும். "மழை மாசத்துல, ஐப்பசி கார்த்திகையில வைக்கச் சொல்லுங்க சார். அப்ப கையில வேலையே இருக்காது. என்னை மாதிரி பத்துப் பேரை நானே கூட்டினு வர்றேன்" என்றார். அடுத்த அழைப்பு வந்தது. சூளைமேட்டில் ஒரு வீடு. காற்று வருகிறதாம், குளிர் இல்லையாம். உறுமல் கேட்கிறதா, கேட்டால் உடனே ஆஃப் பண்ணிடுங்க என்று சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்தார்.