எறக்கந்தான் முடியல

இலங்கை மலையகத்தில், எங்கள் றொசல்லயில் முழங்கால் வலிக்காரர் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்: "ஏத்தம் பரவால்ல, எறக்கந்தான் முடியல." வலி வந்தவர்களுக்கு இது அளக்காமலே தெரியும். அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் சிலருக்குப் பொருத்திய செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுகருவியை வைத்து, 2010இல் கணக்கை வெளியிட்டார்கள். சமதரையில் நடந்தால் உடல் எடையைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் முழங்காலில் விழுகிறது. படி ஏறும்போது மூன்று மடங்கைத் தாண்டுகிறது. படி இறங்கும்போது ஏறக்குறைய மூன்றரை மடங்கு. வெறுங்கையோடு இறங்குகிறவருக்கே இவ்வளவு.

அம்மா கொழுந்தோடு இறங்கியவர். தலையில் கொங்காணி, அதற்கு மேல் கூடைக் கயிறு, இடுப்பில் மழையில் ஊறிய படங்கு. தேயிலை நிரைக்குள் சமமாக நிற்க இடமே கிடையாது. ஒரு கால் மேட்டில், ஒரு கால் பள்ளத்தில். பள்ளத்துக் கால்தான் உடம்பைத் தாங்கும். முழங்காலை லேசாக மடித்து, இடுப்பைத் திருப்பி, இரண்டு கையும் மட்டத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். நிறுவைக்கு நேரமானால் அதே பாரத்தோடு கீழே இறங்க வேண்டும். 16, 18 கிலோ என்று தோட்டம் வைத்த கணக்கு நிறைந்தால் முழுப் பேரு, அதாவது முழு நாள் சம்பளம்; குறைந்தால் அரைப் பேரு. பேரு விழுந்ததா என்றுதான் அந்தியில் வீட்டில் பேச்சு. கால் எப்படி இருக்கிறது என்று யாரும் யாரையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அம்மாயியின் கால்கள் வெளிப்பக்கமாக வளைந்திருந்தன. இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு கை புகும். பக்கத்து லயத்துக் கிழவிகளுக்கும் அப்படித்தான். வளைந்த கால் வயதோடு வருவது என்றே நினைத்து வளர்ந்தோம். முழங்காலின் உள்பக்கத்துக் குருத்தெலும்பு தேய்ந்து, பாரம் முழுவதும் அந்தப் பக்கமே சாய்ந்து, கால் மெல்ல மெல்ல வளைந்துபோகிறது என்பதைப் பிற்பாடு எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி ஒரு டொக்டர்தான் விளக்கினார். அம்மாயிக்குக் கிடைத்ததெல்லாம் தோட்டத்து டிஸ்பென்சரி மாத்திரையும் சித்தாலேபத் தைலமும்தான்.

அம்மாவின் படத்தில் உள்பக்கம் இடைவெளியே தெரியவில்லை. வெறும் எலும்பு எலும்போடு உரசுகிறது. கண்டியில் பார்த்த அந்த டொக்டர் படத்தைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "ஒபரேஷன் செய்யலாம் அம்மா. எப்போ என்று நீங்கதான் சொல்லணும்." அம்மா என்னைப் பார்த்தார். நான் டொக்டரைப் பார்த்தேன்.

விடிகாலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்கு எத்தனை மணி, நிறுவை எப்போது, இன்றைக்கு எந்த மலை, எந்த வயதில் வேலை முடிவு, எல்லாவற்றையும் வேறு யாராவது சொல்லித்தான் அம்மாவுக்குப் பழக்கம். உடம்பு சம்பந்தமான ஒரு திகதியை அவரே சொல்லட்டும் என்று யாரும் விட்டது கிடையாது.

முழங்கால் மாற்றுவது என்ற பேச்சையே நாங்கள் முதலில் கேட்டது இந்தியப் பிரதம மந்திரி வாஜ்பாயியால். 2000 ஒக்டோபரில் மும்பை பிரீச் கேண்டி ஆஸ்பத்திரியில் அவருக்கு இடது முழங்காலை மாற்றினார்கள், அடுத்த வருஷம் ஜூனில் வலதை. செய்தவர் நியூயோர்க்கிலிருந்து வந்த சித்தரஞ்சன் ரணாவத். இன்றைக்கு உலகமெங்கும் பொருத்துகிற மூட்டுக்கு மூத்த வடிவம் 1974இல் நியூயோர்க் ஆஸ்பத்திரி ஒன்றில்தான் முதலில் பொருத்தப்பட்டது. டொக்டர் ஜோன் இன்சாலோடு சேர்ந்து அதை உருவாக்கியவர்களில் ரணாவத்தும் ஒருவர். பிரதம மந்திரிக்குச் செய்வது நமக்கு எங்கே என்று அப்பா ரேடியோவை அணைத்தார். அப்போது அம்மா மலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வலி இறக்கத்தில் மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காலம்.

2017 மே மாதம் இன்னொரு பிரதம மந்திரி எங்கள் பக்கமே வந்தார். டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியில் எழும்பிய 150 கட்டில் ஆஸ்பத்திரியை மோடி திறந்து வைத்தார். நோர்வூட் மைதானக் கூட்டத்துக்கு அம்மாவும் லொறியில் போய் வந்தார். ஏறும்போது இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். இறங்கும்போது நான் கீழே நின்று பிடித்தேன். அதே வருஷம் ஓகஸ்டில் இந்தியா முழங்கால் மூட்டின் விலைக்கு உச்சவரம்பு வைத்தது. ஒன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டியிருந்த கோபால்ட் குரோமிய மூட்டு 54,720 இந்திய ரூபாய்க்கு வந்தது. திருச்சிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் "இங்கேயே வந்து செஞ்சிக்கிட்டுப் போங்களேன்" என்று கூப்பிட்டது அதற்குப் பிறகுதான். டிக்கட், விசா, தங்க இடம், திரும்பி வந்தபின் யாரிடம் காட்டுவது என்று பேசிப் பேசியே அந்தப் பேச்சு அடங்கியது.

சிவனொளிபாதமலை சீசன் வந்தால் ஹட்டன் பஸ் நிலையத்தில் ஒரு காட்சி காணலாம். நல்லதண்ணிப் பக்கமிருந்து ஏறி இறங்கிய இளவட்டங்கள் பஸ் படியில் கால் வைக்க முடியாமல் கம்பியைப் பிடித்துத் தொங்குவார்கள். 5,000க்கும் மேற்பட்ட படிகளை ஒரே இரவில் ஏறி இறங்கியதற்கே அந்தப் பாடு. அவர்களுக்கு மூன்று நாளில் சரியாகிவிடும். இறக்கத்தில் உடம்பைப் பிடித்து நிறுத்துவது தொடைத் தசை. அது களைத்தால் முழங்கால் நடுங்கும். வலிக்குப் பயந்து நடப்பதைக் குறைத்தால் அந்தத் தசை மெலியும். மெலிந்தால் வலி கூடும். அம்மா அந்தச் சுழலுக்குள்தான் போய்க்கொண்டிருந்தார்.

அதனால்தான் உடனே கத்தி என்று டொக்டர் சொல்லவில்லை. 2015இல் வந்த டென்மார்க் ஆய்வு ஒன்று எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. 100 பேரில் பாதிப் பேருக்கு ஒபரேஷன் செய்து பயிற்சியும் கொடுத்தார்கள். மீதிப் பேருக்குப் பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து மட்டும். ஒரு வருஷத்தில் ஒபரேஷன் செய்தவர்களுக்கே அதிகச் சுகம், ஆனால் பெரிய சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். மற்றப் பக்கத்தில் நாலில் ஒருவர்தான் அந்த வருஷத்துக்குள் ஒபரேஷனுக்கு மாறினார். அம்மா இஸ்தோப்பில் கதிரை போட்டு உட்கார்ந்து, காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை பிடித்து இறக்கப் பழகினார். பேத்தி எண்ணுவாள். வலது கால் கொஞ்சம் தேறியது. இடது கால் தேறவில்லை.

எப்போது என்பதில் வயதுக்கும் பங்குண்டு. பொருத்திய மூட்டுகளில் 100க்கு 82 வரை 25 வருஷம் நிற்கின்றன என்று 2019இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு சொல்கிறது. 70 வயதைத் தாண்டிச் செய்தவர்களுக்கு வாழ்நாளில் இரண்டாம் ஒபரேஷன் தேவைப்படுவது 100க்கு ஐந்து பேர் அளவில்தான். 50களின் தொடக்கத்தில் செய்துகொண்ட ஆண்களுக்கு அது 35 வரை போகிறது. ஆகவே மலைக்குப் போய்க்கொண்டிருக்கிற 50 வயதுக்காரிக்கும் எழுபதை நெருங்குகிற அம்மாவுக்கும் ஒரே பதில் இருக்க முடியாது. ரொம்பத் தள்ளிப் போட்டாலும் கேடுதான். வளைவு முற்றி, தசை வற்றி, சீனியும் பிரஷரும் கூடியபின் மேசையில் ஏறினால் எழுந்து நடக்க அதிக நாள் பிடிக்கும். செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு முழுத் திருப்தி இல்லை என்பதையும் அம்மாவிடம் மறைக்காமல் சொன்னோம்.

காத்திருப்பது எப்போதும் நம் கையில் இருப்பதுமில்லை. 2022 மார்ச் மாதக் கடைசியில், பொருளாதார நெருக்கடியில் வந்த மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலையில் திகதி குறித்த சத்திரசிகிச்சைகள் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். டீசல் இல்லை, பஸ் இல்லை, பெனடோல் வாங்கவும் வரிசை. உயிருக்கு ஆபத்தில்லாத முழங்கால் அப்போது கடைசி இடத்துக்குப் போனது. அந்த வருஷத்தில்தான் அம்மாவின் இடது கால் நேராக நீள்வதை விட்டது. நாடு விழுந்தால் முதலில் தள்ளிப் போடப்படுவது இந்த மாதிரி வலிகள் என்பதை அப்போது கண்ணால் பார்த்தோம்.

பிறகு வீட்டைப் பற்றி யோசித்தோம். மாற்றிய முழங்கால் நன்றாக மடங்கினாலும் குந்தி உட்காரச் சிரமம். எங்கள் கக்கூஸ் குந்துகிற மாதிரி. முதல் செலவு அதற்கு ஒரு கொமட். லயத்து வாசலிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் மண்படிக்குச் சீமெந்தும் ஒரு கைப்பிடியும். ஒபரேஷன் முடிந்த மறுநாளே எழுப்பி நிறுத்துவார்கள், பிறகு வாரக்கணக்கில் பிசியோதெரபி. அதற்கு ஹட்டனுக்கோ நாவலப்பிட்டிக்கோ போக வர யார் கூட வருவது? சொத்தைப் பல்லைப் பிடுங்க வேண்டும், ஏனென்றால் வாயிலிருக்கும் கிருமி புது மூட்டில் போய் ஒட்டக்கூடும். இலவச ஆஸ்பத்திரி என்றாலும் எதை வெளியில் வாங்கச் சொல்வார்கள் என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். கொழும்பிலிருக்கும் தம்பி தனியார் ஆஸ்பத்திரி என்றான். தங்கச்சி வேண்டவே வேண்டாம் என்றாள். மாமி கோயிலில் பூக்கட்டிப் பார்க்கச் சொன்னார். வீடு நிறைய அபிப்பிராயம்.

ஒரு நாள் நான் கேள்வியை மாற்றிக் கேட்டேன். "ஒபரேஷன் வேணுமான்னு கேக்கல அம்மா. என்ன செய்ய முடியாமக் கெடக்கு?" அம்மா யோசிக்கவே இல்லை. "ராத்திரியில பொரண்டு படுக்க முடியல. கோயிலுக்கு எறங்க முடியல. ரயில் ஸ்டேசனுக்கு ஒன்னய வழியனுப்ப வர முடியல." எக்ஸ்ரே சொல்லாததை அந்த மூன்று வரி சொன்னது. நடை, தூக்கம், சொந்தபந்தம் மூன்றும் போய்விட்டன. பயிற்சியும் மாத்திரையும் செய்யக்கூடியதைச் செய்து முடித்துவிட்டன. இனிக் காத்திருப்பதில் லாபமில்லை.

திகதியையும் அவரேதான் சொன்னார். "தை பொறக்கட்டும். இங்க மழ விட்டிருக்கும். எறக்கத்துல வழுக்காது. மொதல்ல எடது கால், அது நல்லானா மத்தது." வட்டவளை, றொசல்லப் பக்கத்து மழையை ஆயுசு பூராவும் தலையில் வாங்கியவருக்கு எந்த மாதத்தில் மண் காயும் என்று எந்த டொக்டரும் சொல்லித் தரத் தேவையில்லை. அடுத்த கிளினிக்கில் அதை அவர் வாயாலேயே சொல்ல, டொக்டர் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

எங்கள் லயங்களில் அம்மாவைப் போல இன்னும் எத்தனையோ பேர் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்குகிறார்கள். வயசாகிவிட்டது என்று அவர்களே முடித்துவிடுவார்கள், நாமும் தலையாட்டுவோம். அது வயது மட்டுமல்ல, மலையில் உழைத்த உழைப்பு. அவர்களை உட்காரவைத்து என்ன செய்ய முடியவில்லை என்று கேளுங்கள், படம் எடுத்துப் பாருங்கள், பயிற்சியில் ஆறுமா என்று முதலில் பாருங்கள். ஆறாவிட்டால், எப்போது என்பதை அவர்களே சொல்லட்டும். கொமட்டும் கைப்பிடியும் கூட வர ஓர் ஆளும் ஏற்பாடு பண்ணுவது பிள்ளைகளாகிய நம் பொறுப்பு.