மூணு நூல் ஆணி

பொங்கலூர் அப்போது கோயமுத்தூர் மாவட்டம். திருப்பூர் மாவட்டம் 2009-இல்தான் பிறந்தது. லீவு விட்டால் நான் அம்மாவைப் பெற்ற அப்புச்சியின் மரப்பட்டறையில்தான் கிடப்பேன். திருச்சி ரோட்டு லாரிகளும் பக்கத்துத் தறிக்குடோனும் போடுகிற சத்தத்தையெல்லாம் மீறிக்கொண்டு அவருடைய கொட்டாப்புளி கேட்கும்.

வாசநெலவு, அதாவது வாசற்கதவின் சட்டம், செய்யும் வேலை வந்தால் எனக்குக் கொண்டாட்டம். மர ஆணி அடிக்க விடுவார். வைரம் பாய்ந்த கருவேலத் துண்டை வாளால் அறுக்க மாட்டார். வெட்டுக்கத்தியை மேலே வைத்து ஒரே தட்டு. "வாளுக்கு நாரு தெரியாது கண்ணு. கத்தி நாரு போற வழியிலயே போவும்." நார் அறுபடாத குச்சி லேசில் ஒடியாது.

கிழித்ததை எட்டுப் பட்டையாகச் சீவி, ஓட்டின் மேல் காயப்போடுவார். அப்புறம்தான் அந்த இரும்புத் தகடு வெளியே வரும். நல்ல கனம், அதில் அஞ்சு நூல், நாலு நூல், மூணு நூல் என்று ஓட்டைகள். ஒரு நூல் என்றால் அரைக்கால் இஞ்ச். ஓட்டையின் மேல்விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். அடிப்பக்கம் சற்று அகலம், குச்சி சிக்காமல் இறங்க. பெரிய ஓட்டையில் தொடங்கிச் சின்னதுக்கு வர வேண்டும். அடிக்க அடிக்க விளிம்பில் சுருள் சுருளாகத் தோல் உரியும். கீழே கைநீட்டினால் உருண்டையாக, இளஞ்சூடாக ஆணி வந்து விழும். எனக்குப் பட்டறையிலேயே பிடித்த இடம் அதுதான்.

நெலவில் ஒரு கட்டையின் முனையில் நாக்கு மாதிரி நிற்கும் கழுந்து அடுத்த கட்டையின் துளைக்குள் போய் உட்காரும். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது ஆணி. கழுந்தில் போடுகிற ஓட்டையை மட்டும் அப்புச்சி அரை நூல் தள்ளிப் போடுவார். பார்ப்பவர்கள் கை தவறிவிட்டது என்றே நினைப்பார்கள். முனை சீவிய ஆணி அந்தக் கோணலுக்குள் நுழையும்போது கழுந்தைத் துளைக்குள் இழுத்துக்கொள்ளும். நன்றாகக் காய்ந்த ஆணி நெலவு மரத்தின் ஈரத்தை உறிஞ்சி உப்பினால் இன்னும் இறுகும். பசையே வேண்டாம். துவர்ப்புள்ள மரத்தில் இரும்பாணி அடித்தால் அது துருவேறும், சுற்றிலும் மரமும் கறுக்கும்.

இப்போது ஹார்டுவேர் கடையில் பீச் மரக் குச்சி பாக்கெட்டில் கிடைக்கிறது. பசையும் காற்றும் வெளியேற உடம்பெல்லாம் கோடு போட்டது. கட்டில், அலமாரிக்கு அது போதும், நானே வாங்குகிறேன். வாசநெலவுக்கு மட்டும் வேண்டாம். சாரல் படுகிற இடத்தில் பீச் சீக்கிரம் இற்றுவிடும். ஆசாரியிடம் கருவேலமோ முற்றின மூங்கிலோ கேளுங்கள். கிழித்ததா, அறுத்ததா என்றும் கேட்டுவிடுங்கள்.